கர்ப்பமில்லை எனச் சான்று பெற்றவன்

செம்பூர் உயிரணு வேதியியல் நிலையத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்று என் வாய் முழுவதும் புண். ஏற்புரை சொல்ல முடியவில்லை. கைகூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடக்கமானவர் என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் சொன்னார். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். நிலையத்துக்கு நான் கடமைப்பட்டவன்.

என் மனைவி பெயர் தங்கமயில். பம்பாயில் தாராவி கிராஸ் ரோட்டில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. நான் பாளையங்கோட்டையில் வேதியியல் படித்துவிட்டு, ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான மறுவருடம் அவளுக்குக் கரு தங்கிக் கலைந்தது. கலைந்த பிறகும் உதிரம் நிற்கவில்லை. சயானில் ஒரு மராட்டி டாக்டரம்மா கருப்பையைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கரு போய்விட்டது, அதைச் சுற்றியிருந்த உறை மட்டும் தங்கிப் புற்றாக வளர்கிறது என்று முடிவு வந்தது. மார்புப் படத்தில் நுரையீரலில் பொட்டுப் பொட்டாக இருந்தது.

"கொஞ்ச வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் உங்களிடம் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்" என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னார். "இப்போது மருந்து இருக்கிறது. மற்றப் புற்றுக்கெல்லாம் எப்படியோ, இதற்குக் கேட்கிறது. செம்பூர் நிலையத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது. சீக்கிரம் போங்கள்."

சீக்கிரம் போனோம்.

இயக்குநர் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்காக்காரர். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் இயக்குநர். நான் வேதியியல் படித்தவன் என்று தெரிந்ததும் மகிழ்ந்துபோய் உட்காரச் சொன்னார். தங்கமயிலுக்கு நாற்காலி இல்லை. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரு செல் ரெண்டாப் பிரியணும்னா உள்ள இருக்கறதை நகல் எடுத்தாகணும். அதுக்குச் செங்கல் வேணும். நியூக்ளியோடைடுன்னு பேர். அந்தச் செங்கல் வேலைக்கு ஃபோலிக் அமிலம்னு ஒரு வைட்டமின் வேணும். அந்த வைட்டமினைத் தயார் பண்ணிக் கொடுக்கறது ஒரு நொதி. நம்ம மருந்து என்ன பண்றது தெரியுமோ? அச்சா அந்த வைட்டமின் மாதிரியே இருக்கும். நேரே போய் நொதியோட ஆசனத்துல உக்காந்துடும். வேலையும் பண்ணாது, எழுந்தும் போகாது, வேற ஒருத்தரை உக்காரவும் விடாது. அவ்வளவுதான். செங்கல் இல்லை. நகல் இல்லை. வியாதி அப்படியே நின்னுடும்."

சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவர் மேஜையில் கையெழுத்துக்கு வந்த கட்டுகள் இருந்தன. வெயில் பட்டு மேல்தாள் மட்டும் பழுத்திருந்தது.

"எப்ப சார் ஆரம்பிப்பிய?" என்று தங்கமயில் சுவரோரத்திலிருந்து கேட்டாள்.

"ஆரம்பிச்சுடலாம்மா. ஒரே ஒரு விதி. வளர்றதை நிறுத்தற மருந்து. கர்ப்பிணிக்குக் கொடுத்தா வயத்துல இருக்கற சிசுவும் நின்னுடும். அதனால கர்ப்பமில்லைன்னு மொதல்ல நிரூபணம் ஆகணும். சின்னச் சோதனை. ஒரு தேரைதான்."

நிலையத்தின் பின்கட்டில் ஈரச் சாக்கு போட்ட தொட்டிகளில் ஆண் தேரைகள் இருந்தன. பெண்ணின் சிறுநீரைத் தேரைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். அவள் கர்ப்பமென்றால் சில மணி நேரத்தில் தேரையின் நீரில் விந்து தெரியும். இல்லையென்றால் தேரை பேசாமல் இருக்கும். தேரைகளைக் கொண்டுவந்து கொடுப்பவர் எங்கள் அடுத்த அறைக்காரர் வெயிலுமுத்து. தாராவிக் கழிமுகத்தில் சாக்கோடு இறங்கிப் பிடிப்பார். கோடையில் தேரை மண்ணுக்குள் போய்விடும். அதனால் கோடையில் நிலையத்தில் எவரும் கர்ப்பமாக இருப்பதில்லை.

"எம் பொஞ்சாதி ஆறு பெத்தா. ஒரு தேரையும் சாட்சிக்கு வரல" என்பார் வெயிலுமுத்து. "இவனுவளுக்குப் பொம்பள சொன்னா போதாது. டாக்டரு சொன்னா போதாது. தவக்களை வந்து சொல்லணும்."

தங்கமயிலின் தேரை ஆமென்று சொல்லிவிட்டது.

அது பொய் சொல்லவில்லை. அந்தப் புற்று, கரு உறையிலிருந்து வந்தது. கர்ப்பத்தில் எது சுரக்குமோ அதையேதான் சுரக்கும், இன்னும் அதிகமாக. இதை நான் இயக்குநரிடம் சொன்னேன்.

"ரொம்பச் சரி" என்றார் அவர். "நானே இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கேன்." பெட்டியைத் திறந்து ஒரு பிரதி கொடுத்தார். நன்றாக எழுதியிருந்தார். இந்த நோயில் தேரையை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று கடைசியில் அழுத்தமாகச் சொல்லியிருந்தார்.

"அப்போ சார்..."

"அது கட்டுரை. இது விதி."

சயான் டாக்டரம்மாவின் சோதனை முடிவை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"அந்தச் சதைத் துண்டை வெளியில பார்த்திருக்கா. எங்க தேரை எங்ககிட்டயே வளர்றது. அதையே நாங்க நம்பலைன்னா வேற யார் நம்புவா?"

பரிசோதனைக்கூடத்து ஆள் வாசல்வரை பின்னாலேயே வந்து, முபாரக் என்று வாழ்த்துச் சொல்லித் தலையைச் சொறிந்தான். தங்கமயில் தன் முந்தானை முடிச்சிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். "பாவம், அவனாவது சந்தோசமா போட்டும்" என்றாள்.

கர்ப்பிணி என்று தேறியதால் அவளை மகப்பேறுப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். மருந்து இருந்த அலமாரி ஆய்வுப் பிரிவில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு தாழ்வாரம். கண்ணாடி அலமாரியில் புட்டிகள் வரிசையாகத் தெரியும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு ஒவ்வொரு புட்டியிலும் காய்ந்திருந்தது. ஒன்றின் முத்திரைகூட உடைக்கப்படவில்லை.

மகப்பேறுப் பிரிவில் எல்லாத் தாய்மாருக்கும் காலையில் ஒரு வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். புட்டியைப் பார்த்தேன். ஃபோலிக் அமிலம். தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கத்து மருந்து எதன் இடத்தைப் பிடித்து நோயைப் பட்டினி போடுமோ, அதையே இந்தப் பக்கம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். இயக்குநரிடம் ஓடினேன்.

"தெரியுமே" என்றார். "ஆனா அது மகப்பேறுப் பிரிவு. அவா விஷயத்துல நான் தலையிட்டா, அவா என் விஷயத்துல தலையிடுவா. அப்புறம் நிர்வாகம்னு ஒண்ணு இருக்குமோ?"

நர்ஸ் நஸீரா மேலப்பாளையத்துப் பெண். மாத்திரையை விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டியது அவள் வேலை. தங்கமயில் மாத்திரையைக் கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறப்பாள். நஸீரா பார்ப்பாள். நாக்கைத் தூக்கு என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த மாதம் மாட்டுங்கா மாதர் நலக் குழு மகப்பேறுப் பிரிவில் கூட்டு வளைகாப்பு நடத்தியது. தலைவி அபயாம்பாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் சந்தனம், குங்குமம், ஐந்து வகைச் சாதம், கண்ணாடி வளையல். இயக்குநர் பேசினார். விஞ்ஞானமும் சம்பிரதாயமும் நிலையத்தில் கைகோத்து நிற்கின்றன என்றார். இந்த அறையில் இருக்கும் ஒவ்வொரு வயிறும் நாட்டின் எதிர்காலம் என்றார். தங்கமயில் இருமினாள். துணியை மடித்து மறைத்துக்கொண்டாள். துணி சிவந்திருந்தது.

அபயாம்பாள் அவள் கையைப் பிடித்து வளையல் ஏற்றினார். ஏற்றிய வளையல் எல்லாம் முழங்கைவரை போய்த் திரும்பி விரலுக்கு வந்தது.

"என்னடி கொழந்தே, இப்படி எலும்பா இருக்கே? ரெண்டு பேருக்குச் சாப்பிடணுமோல்லியோ?"

"ரெண்டு பேருக்குந்தான்மா சாப்பிடுதேன். ஒருத்தருக்குத்தான் ஒட்டுது."

அபயாம்பாள் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரிகளும் சிரித்தார்கள். ஒருத்தி நலங்குப் பாட்டு ஆரம்பித்தாள். தங்கமயிலும் சேர்ந்து பாடினாள். அவளுக்கு நல்ல குரல். பாதிப் பாட்டில் மூச்சு வாங்கியது.

அன்று மாலை என்னை அருகில் கூப்பிட்டாள்.

"ஒங்களுக்குக் கர்ப்பமா?"

"என்ன பேச்சு?"

"கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க. இல்லேல்லா? அப்ப நாளைக்குக் குப்பியில ஒங்க ஒண்ணுக்க ஊத்திக் குடுங்க. அந்தத் தேரைக்கு என்ன, மொகம் பாத்தா ஊசி போடுதாவ?"

வெயிலுமுத்துவிடம் கேட்டேன். "ஆம்பள தண்ணியக் குத்துனா அது முழிச்சுக்கிட்டுச் சும்மாதான் தம்பி கெடக்கும்" என்றார். "நல்ல மந்தமானதா ஒண்ணு தாரேன். எதுக்கும் அசையாது. ஆபீசரு மாதிரி."

மறுசோதனைக்கு எழுதிக் கொடுத்தோம். தேரை அசையவில்லை. கர்ப்பமில்லை என்று முத்திரை குத்திச் சான்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தைக் கடந்து ஆய்வுப் பிரிவுக்கு ஓடினேன்.

ஆய்வுப் பிரிவின் குழு கூடியது. ராகுகாலம் கழிந்து என்னை உள்ளே அழைத்தார்கள். நாலைந்து பேர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

"உங்க சம்சாரத்துக்கு வியாதியே இல்லை."

எனக்குப் புரியவில்லை.

"நீங்களே சொன்னேளே. இந்த வியாதி இருந்தா தேரை ஆமாம்னு சொல்லும்னு. என் கட்டுரையிலயும் இருக்கு. இப்போ தேரை இல்லைங்கறது. அப்போ வியாதி இல்லை. தானா சரியாயிருக்கு. இதை ஒரு சிகிச்சை முறையாவே அறிவிக்கலாம்னு குழு அபிப்ராயப்படறது. காத்திருப்புச் சிகிச்சை. செலவும் கிடையாது."

"ரத்தமா இருமுகிறாள் சார்."

"அது மார்பு. எங்களுது உயிரணு."

அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளால் பஸ் ஏற முடியவில்லை. டாக்ஸியில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "பாஸாயிட்டிய போலுக்கு" என்றாள்.

மறுநாள் இயக்குநரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அந்தக் குப்பியில் இருந்தது என்னுடையது. போலீஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிட்டால் அங்கேயாவது யாராவது கேட்பார்கள் என்றும் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ அவளுது இன்னும் ஆமாம்தானா?"

"ஆமாம் சார்."

"அப்போ அவ கர்ப்பம். மருந்து கொடுக்க முடியாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "ஆனா உங்களுக்குக் கொடுக்கலாமே."

"எனக்கு நோய் இல்லையே சார்."

"அதுதான் வேணும். மருந்து ஆரோக்கியமான உடம்புல என்ன பண்றதுன்னு பார்க்க ஒரு தொண்டர் வேணும்னு ரெண்டு வருஷமா விளம்பரம் பண்றோம். கர்ப்பமில்லைன்னு நிரூபிக்கணும்னு விதி. ஆம்பளைகள் யாரும் அந்தச் சோதனைக்கு ஒத்துக்க மாட்டேங்கறா, கௌரவக் குறைச்சல்ங்கறா. இந்த நிலையத்தோட சரித்திரத்துலயே தகுதி உள்ள ஒரே ஆள் நீங்கதான்."

கையெழுத்துப் போட்டேன்.

தினம் ஒரு மாத்திரை. ஆபீஸுக்குப் போகும் முன் நிலையத்துக்குப் போய் அவர்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். சின்ன மஞ்சள் மாத்திரை. ஆய்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டிருந்த நஸீராதான் கொடுப்பாள்.

"வாயத் தொறங்க."

திறப்பேன். மாத்திரை கொடுப்புக்குள் இருக்கும். எப்படி ஒதுக்குவது, எச்சில் ஊறாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று தங்கமயில் வேப்பங்கொட்டையை வைத்து எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். நஸீரா என் கண்ணைப் பார்த்துவிட்டு, "சரி" என்பாள். வாசலைத் தாண்டியதும் கைக்குட்டையில் எடுத்துக்கொள்வேன். குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, வீட்டுக்கு ஓடி அவள் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போவேன். தினமும் தாமதம்.

அது ஆரோக்கியமானவனுக்கான அளவு. நோய்க்கான அளவு அதைப்போலப் பல மடங்கு. சயான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது இருந்தது.

நிலையம் என்னைக் கவனமாகப் பார்த்தது. ஒருவர் என் தலையைச் சீவி, சீப்பில் வந்த முடியைச் சிட்டிகையில் எடுத்துக் கவரில் போட்டார். ஒருவர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். இந்த மருந்து சாப்பிட்டால் வாயில் புண் வரவேண்டும். ரத்தச்சோகை பிடிக்க வேண்டும். எனக்கு எதுவும் வரவில்லை. குழு கவலைப்பட்டது. பல கூட்டங்களுக்குப் பிறகு இயக்குநர் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"புளி" என்றார். "தினம் சாம்பார், ரசம். நம்ம உடம்புல புளி ஒரு கோட்டை மாதிரி நிக்கறது. மருந்தை உள்ள விடலை. வெளிநாட்டுக்காரனுக்கு இது தெரியாது. இன்னிலேர்ந்து புளி தொடப்படாது."

வீட்டில் சொன்னேன். படுத்திருந்தவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப எனக்கு எந்தக் கோட்டை நிக்கி? ஒரு வாய்ச் சோறு உள்ள போவ மாட்டேங்கு."

பிறகு சொன்னாள்: "நான் இருக்க வரைக்கும் ரசம் உண்டு. அவியகிட்ட இல்லைன்னு சொல்லுங்க."

மழை தொடங்கிய பிறகு அவள் இறந்தாள். காலையில் வாய் நிறைய ரத்தம் வந்தது. வெயிலுமுத்து டாக்ஸி கொண்டுவரப் போயிருந்தார். சாக்கிலிருந்த தேரைகள் அவர் அறையில் கத்திக்கொண்டிருந்தன. டாக்ஸி வருவதற்குள் முடிந்துவிட்டது. வளைகாப்பு வளையல் கையில் இருந்தது. குளிப்பாட்டும்போது தானாகவே கழன்று விழுந்தது. எடுத்து மறுபடி போட்டார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து நிலையத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கால் அந்த வண்டியில் ஏறிப் பழகியிருந்தது. நஸீரா மாத்திரை கொடுத்தாள். ஒதுக்கிக்கொண்டேன்.

"வாயத் தொறங்க."

திறந்தேன்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

சொன்னேன். அவள் கையிலிருந்த புட்டியை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

வாசலைத் தாண்டிக் கைக்குட்டையில் எடுத்தேன். குர்லாவில் மாறினேன். சயானில் இறங்கினேன். அறையைத் திறந்தேன். கையை நீட்ட ஆள் இல்லை. மாத்திரை நனைந்து கைக்குட்டையில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி வாயில் போட்டு விழுங்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் விழுங்கினேன்.

வீட்டில் புளி கரைக்க ஆள் இல்லை. மாட்டுங்கா ரயிலடிப் பக்கம் ஓர் உடுப்பி ஹோட்டலில் தயிர்சாதம் சாப்பிட்டேன். கொஞ்ச நாளில் உதடு வெடித்தது. நாக்கில் புண் வந்தது. தலையணையில் முடி கிடந்தது. டார்ச் அடித்தவர் ஓடிப்போய் இயக்குநரை அழைத்துவந்தார். இயக்குநர் என் வாய்க்குள் எட்டிப் பார்த்துக் கண் கலங்கினார். உண்மையாகவே கலங்கினார்.

"புளியை விட்டாரோல்லியோ" என்றார். "பாருங்கோ. வேலை பண்றது."

அதற்குத்தான் பொன்னாடை. அபயாம்பாள் கையால் போர்த்தினார்கள். நிலையத்தில் முதல்முறையாக ஒரு பயனாளிக்கு மருந்து பலித்திருக்கிறது என்று இயக்குநர் பேசினார். "வியாதியே இல்லாத ஒருத்தர்கிட்ட இவ்வளவு வேலை பண்ற மருந்து, வியாதி இருக்கறவா கிட்ட என்னெல்லாம் பண்ணும்னு யோசிச்சுப் பாருங்கோ. ஆனா அவசரப்பட மாட்டோம். அவசரப்படாததுதான் இந்த நிலையத்தோட பலம்" என்றார். பலத்த கைதட்டல். லட்டு கொடுத்தார்கள். என்னால் கடிக்க முடியவில்லை. மகப்பேறுப் பிரிவுக் கணக்கில் தங்கமயிலின் பிரசவத் தேதி அந்த வாரம் என்று சொல்லி, அபயாம்பாள் ஒரு பால்பவுடர் டின்னும் தந்தார். குழந்தை யார் ஜாடை என்று கேட்டார். வாயைக் காட்டி, பேச முடியாது என்று சைகை செய்தேன். கடைசி வரிசையில் நஸீரா குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

ஏற்புரையாக நான் சொல்ல இருந்தது கொஞ்சம்தான். நிலையத்துக்கு நன்றி. அதன் குறிப்புகளில் ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்.

மருந்து பலிக்கத் தொடங்கியது மழைக்காலத்தில் அல்ல. மாத்திரை கொடுக்கத் தொடங்கிய மறுவாரமே பலித்தது. அந்த வாரம் அவள் இருமவில்லை. ஒரு காலை நான் கண் விழித்தபோது பாயில் இல்லை. குழாயடியில் அவள் குரல் கேட்டது. வரிசையில் முன்னால் புகுந்த ஒருத்தியிடம் மூச்சு வாங்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயித்தாள். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே நடந்து வந்தாள்.

இதை ஆய்வுப் பிரிவில் சேர்த்துக்கொள்ளலாம். மகப்பேறுப் பிரிவிலும் சேர்த்துக்கொள்ளலாம்.